இன்றைக்கு ஒரு கல்



செமஸ்டர் விடுமுறை நெருங்கும்போது எங்கள் இதழுக்கு வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரு வரி தவறாமல் இருக்கும். "லீவில் உட்கார்ந்து கட்டுரையை முடித்து அனுப்பிவிடுகிறேன்." விடுமுறை கழிந்த பிறகு அடுத்த கடிதம் வரும். விடைத்தாள் திருத்தும் முகாம், தங்கை கல்யாணம், நாக் தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்று கல்லூரியில் ஒப்படைத்த கோப்பு வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல். எல்லாமே உண்மையான காரணங்கள்தாம். பொய் சொல்லித் தப்பிக்கிற வாசகர்கள் நமக்கு இல்லை. ஆனால் தொந்தரவே இல்லாத பதினைந்து நாள் ஒன்று எங்கோ முன்னால் காத்திருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

அப்படி ஒரு விடுமுறையில் ஒரே மூச்சில் எழுதி அனுப்பப்படும் கட்டுரைகளும் எங்களுக்கு வருகின்றன. அவற்றை அடையாளம் காண்பது கடினமல்ல. முதல் நான்கு பக்கம் தமிழின் தொன்மை. அடுத்த நான்கு பக்கம் இதுவரை யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கம். ஒன்பதாம் பக்கத்தில்தான் கட்டுரையாளர் தம் சொந்தச் சரக்கைத் திறக்கிறார். அதற்குள் கெடு வாசலுக்கு வந்துவிடுகிறது. வெயிலில் அலைந்து அவரே பார்த்துப் படியெடுத்த சான்று, அவர் மட்டுமே சொல்லக்கூடிய செய்தி, இரண்டு பத்தியில் முடிந்துபோகிறது. முன்னுரையில் படித்தது முடிவுரையில் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி வருகிறது. பாதிக்கு மேல் அடிக்குறிப்புகளில் பக்க எண் இருக்காது. இதை எழுதியவர் சோம்பேறி அல்ல. உடம்பில் தெம்பு இருந்த நாட்களை முன்னுரைக்குச் செலவழித்துவிட்டார், அவ்வளவுதான்.

இப்படி ஒரே மூச்சில் எழுதுவதைப் பற்றி மேல்நாட்டில் ஓர் ஆய்வையே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ், புதிதாகப் பணியில் சேர்ந்த பல்கலைக்கழக ஆசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று ஓராண்டு கவனித்து 1989இல் வெளியிட்டார். வழக்கம்போல, நேரம் வாய்க்கும்போது நீண்ட நேரம் உட்கார்ந்து எழுதியவர்கள் ஆண்டு முடிவில் சராசரியாக 17 பக்கம் எழுதியிருந்தார்கள். தினமும் கொஞ்சம் எழுதி, எழுதியதைக் குறித்தும் வைத்தவர்கள் 64 பக்கம். தினமும் எழுதி, குறித்துவைத்து, வாரத்துக்கு ஒருமுறை இன்னொருவரிடம் கணக்கும் காட்டியவர்கள் 157 பக்கம். ஆய்வுக் கட்டுரை எழுதுவது எப்படி என்று பிறகு வந்த ஆங்கிலக் கையேடுகள் பலவற்றில் இந்த மூன்று எண்களைப் பார்க்கலாம்.

எண்களைப் பார்த்து உடனே கும்பிட்டுவிட வேண்டியதில்லை. பாய்ஸ் கவனித்தது ஒரு சிறு குழுவை. நியூசிலாந்துக் கல்வியாளர் ஹெலன் ஸ்வோர்ட் 2016இல் எழுதிய கட்டுரையில் 'தினமும் எழுது' என்ற இந்த மந்திரத்தையே பிரித்துப் போட்டுக் கேள்வி கேட்டார். தொடர்ந்து நன்றாக எழுதிவரும் கல்வியாளர்கள் நூறு பேரைப் பல நாடுகளில் நேர்கண்டவர் அவர். தினமும் தவறாமல் எழுதுகிறவர்கள் அவர்களில் சிறுபான்மைதான். வார இறுதியில் எழுதுகிறவர், கோடையில் எழுதுகிறவர், இரண்டு மாதம் பேனாவையே தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு இறங்குகிறவர் என்று எல்லா வகையும் இருந்தார்கள்.

அப்படியானால் யார் சொல்வது சரி? என் கணிப்பு இது. நாற்பது வயதில் ஐந்து நூல் எழுதிய பேராசிரியர் எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும். கட்டுரையின் எலும்புக்கூடு அவர் கைக்குப் பழகிவிட்டது. எங்கே விட்டாலும் அங்கிருந்து பிடித்துக்கொள்வார். முதல் கட்டுரையோ இரண்டாம் கட்டுரையோ எழுதுகிறவருக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. அவர் பத்து நாள் இடைவெளி விட்டால், பதினொன்றாம் நாள் உட்கார்ந்ததும் முதல் ஒரு மணி நேரம் 'நாம் என்ன சொல்ல வந்தோம்' என்று தேடுவதிலேயே போய்விடும். உலை ஆறினால் முதலிலிருந்து விறகு வைக்க வேண்டியதுதான். தினமும் அரை மணி நேரம் உட்காருகிறவருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் பக்கக் கணக்கில் இல்லை. விஷயம் தலையில் சூடாக இருப்பதுதான் லாபம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, நேற்று முட்டுக்கட்டையாக நின்ற வாக்கியம் தானாக வந்து பொருந்தும். வகுப்பில் வேறு எதையோ நடத்தும்போது ஒரு சான்று நினைவுக்கு வரும். இதெல்லாம் கட்டுரையை மறந்துவிட்டவருக்கு நடக்காது.

இங்கே 'எழுதுவது' என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உட்கார்ந்து என்ன செய்வது? வெறுமனே 'தினமும் எழுதுங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்து போவது, 'தினமும் சம்பாதியுங்கள்' என்று சொல்வதற்குச் சமம். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம்.

ஒருவர் நடுகற்களைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் பகுதி நடுகற்கள். அவற்றுக்குத் தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. வழக்கமாக என்ன நடக்கும்? 'சங்க இலக்கியத்தில் நடுகல் வழிபாடு' என்று தலைப்பு வைத்து, தொல்காப்பியத்தின் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு துறையையும் விளக்கி, புறநானூற்றுக்குப் போய், அகநானூற்றுக்கு வந்து, கல் இருக்கும் ஊருக்குப் போவதற்குள் இடம் தீர்ந்துவிடும். இந்த ஆறு துறைக்கும் இன்னொரு விளக்கம் தமிழுக்குத் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அவர் இப்படிச் செய்யலாம். முன்னுரையைத் தொடவே வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்ளட்டும். எடுத்தனூர்க் கல் என்றே வைத்துக்கொள்வோம். பல்லவன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. கூடவே நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் அதே கல்லில் உருவமும் எழுத்தும் உண்டு. இதில் அரை மணி நேரத்தில் எழுத வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. எந்த மன்னன், எந்த ஆண்டு, வீரன் யாருக்கு அடங்கியவன், எப்படி இறந்தான், உருவம் எப்படி, கையில் என்ன ஆயுதம், எழுத்து எது. ஒரு பத்தி, அதிகம் போனால் ஒன்றரைப் பத்தி. எழுந்துவிடலாம். மறுநாள் இன்னொரு கல்.

இரண்டு வாரத்தில் பத்துக் கல் எழுதியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், ஆறாவது ஏழாவது கல்லை எழுதும்போது அவரை அறியாமல் வாதம் முளைக்கத் தொடங்கும். மன்னன் பெயரும் ஆண்டும் எல்லாக் கல்லிலும் வருகிறது, இறந்தவனின் ஊர் சிலவற்றில்தானே வருகிறது, ஏன்? மாடு கவரப் போய் இறந்தவன் எத்தனை பேர், மீட்கப் போய் இறந்தவன் எத்தனை பேர்? நாய்க்குப் பெயர் உண்டு, வீரனின் மனைவிக்கு உண்டா? இந்தக் கேள்விகள் நூலகத்தில் முன்னாய்வுகளைப் புரட்டும்போது வருவதைவிட, சான்றை நம் சொந்த வாக்கியத்தில் எழுதும்போதுதான் அதிகம் வருகின்றன. எழுதும்போது கண் வேறு மாதிரி பார்க்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமி நடுகல்லில், ஆநிரை கவர்தலுக்குத் தொல்காப்பியம் சொல்லும் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. அது போன்ற செய்தியை முன்னுரையில் அலங்காரத்துக்கு வைக்காமல், வாதத்துக்குத் தேவைப்படும் இடத்தில் கொண்டுவந்து வைக்க அப்போது மனம் வரும். முன்னுரையைக் கடைசி வாரத்தில் எழுதினால் போதும். என்ன சொல்லப் போகிறோம் என்பது அப்போதுதான் நமக்கே தெரிந்திருக்கும்.

கல்வெட்டு என்றில்லை. சிறுகதை ஆராய்கிறவருக்கு இன்றைக்கு ஒரு கதை. நாட்டார் வழக்காறு சேகரித்தவருக்கு இன்றைக்கு ஒரு தகவலாளியின் கூற்று. பொருளியல் மாணவருக்கு இன்றைக்கு ஓர் அட்டவணை, அந்த அட்டவணை என்ன சொல்கிறது என்று ஐந்து வாக்கியம். ஆய்வகத்தில் வேலை செய்கிறவர் சோதனை முறையிலிருந்து தொடங்கலாம். செய்ததை அப்படியே சொல்லும் பகுதி அது, முட்டுக்கட்டை குறைவு.

அரை மணி நேரத்துக்குள் அகராதியைத் திறக்காதீர்கள், இணையத்தைத் திறக்காதீர்கள். ஓர் ஆண்டு நினைவில்லையா, அடைப்புக்குறி போட்டு [ஆண்டு பார்க்க] என்று எழுதிவிட்டு மேலே போங்கள். பார்க்கப் போனால் திரும்பி வர மாட்டீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், ஈழத்து நூல்களுக்கான நூலகம் தளமும் நமக்குக் கிடைத்த பெரிய வரங்கள். கன்னிமாராவிலும் ரோஜா முத்தையா நூலகத்திலும் நாள்கணக்கில் காத்திருந்து பார்த்த நூல்களில் பலவற்றை இன்று கட்டிலில் சாய்ந்தபடியே இறக்கிக்கொள்ளலாம். அதே வசதியில்தான் ஆபத்தும் இருக்கிறது. இறக்கி வைத்ததைப் படித்ததாகவும், படித்ததை எழுதியதாகவும் மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஒருவருடைய கணினியில் முன்னூறு பிடிஎஃப் இருக்கும், வரைவுக் கோப்பில் தலைப்பும் பெயரும் மட்டும் இருக்கும். படிப்பதற்கு வேறொரு நேரம் வையுங்கள், மாலையில் வையுங்கள். எழுதும் அரை மணியைப் படிப்புக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு விலக்கு அடிக்குறிப்பு. மேற்கோளை எடுத்த அன்றே பக்க எண்ணையும் பதிப்பையும் சேர்த்து எழுதிவிடுங்கள். தமிழ் நூல்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒரே நூலுக்குக் கழகப் பதிப்பு, நியூ செஞ்சுரி பதிப்பு, நாட்டுடைமையான பிறகு ஆளுக்கொன்றாக வந்த பதிப்புகள் என்று இருக்கும். ஒன்றின் பக்க எண் இன்னொன்றில் பொருந்தாது. சங்கப் பாடலுக்குப் பக்க எண்ணே வேண்டாம், பாட்டு எண்ணும் அடி எண்ணும் போதும். இதை மட்டும் எல்லாரும் செய்தால் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் உங்கள் குலத்தையே வாழ்த்துவார்.

எழுந்திருக்கும் முன் நாளைக்கு எதிலிருந்து தொடங்குவது என்று ஒரு வரி குறித்துவையுங்கள். 'நாளை: நாய் உருவம், மற்ற கற்களோடு ஒப்பீடு.' மறுநாள் உட்கார்ந்ததும் யோசிக்க வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் எழுதுவது என்று கேட்டு எழுதுகிறீர்கள். விடியற்காலை நான்கு மணி என்று சொல்வது எளிது. காலையில் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, ஏழே முக்கால் பேருந்தைப் பிடிக்கும் ஆசிரியையிடம் அப்படிச் சொல்வதற்கு எனக்கு வாய் வராது. முதல் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே காலியாக இருக்கும் ஒரு பீரியடைத் துறை அறையில் உட்காராமல் நூலகத்தின் மூலையில் கழிக்க முடியுமா பாருங்கள். துறை அறையில் எழுத முடியாது. அங்கே எப்போதும் யாராவது தேநீர் சொல்லியிருப்பார்கள்.

இனி பாய்ஸின் மூன்றாவது குழுவுக்கு வருவோம், வாரம் ஒருமுறை கணக்குக் காட்டியவர்கள். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையில் ஆய்வாளர் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை நடத்தினார். கட்டுரை எழுதிக்கொண்டு வந்து கூட்டத்தில் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், விவாதம் நடக்கும். 1969இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழ் அந்தச் சூழலோடு சேர்ந்து வளர்ந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் போன்ற ஆய்வாளர்கள் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்கள். பல்கலைக்கழகத் துறை ஒன்றின் வசதி எதுவும் அந்தக் குழுவுக்கு இல்லை. அடுத்த கூட்டத்துக்கு என்ன கொண்டு வருகிறீர்கள் என்று கேட்க ஆள் இருந்தார். உ.வே. சாமிநாதையரும் எண்பத்து நான்கு வயதில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது, ஆனந்த விகடன் வாராவாரம் பக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது. 1940இல் தொடங்கி 1942இல் அவர் மறையும் வரை 122 அத்தியாயம் வந்துவிட்டது. அதை முழுதாக எழுதி முடித்துவிட்டுக் கொடுக்கிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் நம் கையில் எவ்வளவு இருந்திருக்கும்?

உங்களுக்கு அப்படி ஒரு குழு இல்லாமல் போகலாம். ஓர் ஆள் போதும். நெறியாளராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லப்போனால், நெறியாளர் இல்லாதிருப்பதே நல்லது. அவரிடம் போகும்போது கை நடுங்கும், முடிந்ததை மட்டும் காட்டத் தோன்றும். விடுதியில் பக்கத்து அறைத் தோழர், வேறு துறையில் இருக்கும் அக்கா, யாராவது ஒருவர் வெள்ளிக்கிழமை மாலை "இந்த வாரம் எத்தனை கல்?" என்று கேட்டால் போதும். உங்கள் கட்டுரை அவருக்குப் புரிய வேண்டியதுகூட இல்லை.

விட்டுப்போகும் நாட்களைப் பற்றி வருந்த வேண்டாம். ஐராவதம் மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்துகொண்டே 1960களின் தொடக்கத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் இறங்கினார். நடுவில் சிந்துவெளி எழுத்து அவரை இழுத்துக்கொண்டது. அதற்கான தொகுப்பு 1977இல் வந்தது. பிறகு தினமணி ஆசிரியர் பொறுப்பு. அதை விட்ட பின், 1990களில் மறுபடி குகை குகையாக ஏறி எல்லாக் கல்வெட்டுகளையும் நேரில் பார்த்தார். தமிழ்ப் பிராமி குறித்த அவருடைய பெருநூல் வெளிவந்தது 2003இல். இடைவெளி விட்டவர்தாம். ஆனால் விட்ட இடத்துக்குத் திரும்பி வந்தார்.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். நம் இதழில் வரும் கட்டுரை மூவாயிரம் சொல் அளவு இருக்கும். ஓர் அமர்வுக்கு நூற்றைம்பது சொல், வாரத்துக்கு ஐந்து அமர்வு என்றால் நான்கு வாரத்தில் முதல் வரைவு. ஒரு செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள். பாதி நாள் தேர்வும் விழாவும் தின்றுவிட்டாலும், வரைவை எழுதி, ஒரு வாரம் கண்ணில் படாமல் வைத்து, திருத்தி எழுதவும் நாள் மிஞ்சுகிறது. திருத்தி எழுதுவதில்தான் கட்டுரை கட்டுரையாகிறது. விடுமுறையில் ஒரே மூச்சில் எழுதுகிறவருக்கு வாய்க்காதது இந்தப் பகுதிதான்.

இதில் எனக்கு ஒரு கவலையும் உண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நெறிமுறையில் நீக்கியது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்திருக்கின்றன. பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை வேண்டியிருக்கிறது. கடைசி வாரத்தில் விழித்துக்கொள்கிறவருக்குத்தான், பணம் கட்டினால் மூன்றே நாளில் சான்றிதழோடு வெளியிடும் இதழ்களின் விளம்பரம் வாட்ஸ்அப்பில் இனிக்கிறது. இப்போது எந்திரத்திடம் சொல்லி எழுதி வாங்குகிறவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். உலகில் இல்லாத நூலுக்குப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு வரும்போது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் நேரம் போய்விட்டதே என்ற பயம். கையில் பாதி வரைவு இருப்பவருக்கு அந்தப் பயம் பாதியாகிவிடும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த இதழுக்கு முழுக் கட்டுரை அனுப்ப வேண்டாம். ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள். முன்னுரை வேண்டாம், மொழியின் பெருமை வேண்டாம். உங்களிடம் உள்ள ஒரு சான்று, அது என்ன சொல்கிறது, அவ்வளவுதான். கையால் எழுதினாலும் சரி. உறையின் மேல் 'ஒரு பக்கம்' என்று குறித்துவிடுங்கள், தனியாக எடுத்து வைத்துப் படிக்கிறோம். வருகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆசிரியர் குழுவிலிருந்து ஒருவர் பதில் எழுதுவார், அடுத்த பக்கம் எப்போது வரும் என்றும் கேட்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதையும் எழுதுங்கள், காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்